போய் அளந்து வந்தவர்கள்

சென்ற மார்கழியில் ஒருநாள், விடிவதற்குச் சற்று முன்னால், குடிமங்கலத்தை அடுத்த ஒரு சோளக்காட்டின் வரப்பில் நின்றுகொண்டிருந்தேன். தமிழ் இலக்கியம் நடத்தும் ஒருவனுக்கு அந்நேரத்தில் அங்கே வேலை எதுவும் இல்லைதான். எங்கள் கல்லூரியில் இயற்பியல் படிக்கும் நான்கு மாணவர்கள், தங்கள் ஆய்வேட்டின் தமிழ்ச் சுருக்கத்தைத் திருத்தித் தருமாறு கேட்டு வந்திருந்தார்கள். சிறிய ட்ரோன் ஒன்றில் வெப்பமானியைப் பொருத்தி, தரைக்கு மேலே நூறு மீட்டர் வரை காற்றின் வெப்பநிலை எப்படி மாறுகிறது என்று அளப்பது அவர்கள் எடுத்துக்கொண்ட வேலை. செய்வதைக் கண்ணால் பார்க்காமல் அதற்குச் சொல் தேட என்னால் ஆகாது என்றேன். "அப்படீன்னா நீங்களும் வந்துருங்க ஐயா" என்று அழைத்துப் போய்விட்டார்கள்.

காற்று அசையவே இல்லை. தொலைவில் காற்றாலைகள் கைகளை விரித்தபடி உறங்கிக்கொண்டிருந்தன. தோட்டத்து வீட்டு அடுப்பிலிருந்து கிளம்பிய புகை மேலே ஏறாமல், தென்னை மட்டத்தில் பாய் விரித்ததுபோல் படுத்துக் கிடந்தது. இரண்டு மைலுக்கு அப்பால் இருக்கும் கோயிலின் ஒலிபெருக்கி அடுத்த காட்டில் பாடுவதுபோல் கேட்டது. ட்ரோன் பத்துப் பத்து மீட்டராக ஏறி, ஒவ்வோர் உயரத்திலும் சற்று நின்று நின்று மேலே போயிற்று. மடிக்கணினியைப் பார்த்துக்கொண்டிருந்த மாணவியின் முகம் வாடியது.

"மேல போகப் போகக் கூடுதுங்க ஐயா. குறையணும்ங்க."

பாடநூல் அப்படித்தான் சொல்கிறது. ஒரு கிலோமீட்டர் ஏறினால் சராசரியாக ஆறரை பாகை குறைய வேண்டும். ஊட்டி குளிர்வதும் அதனால்தான். இங்கே எண் ஏறிக்கொண்டே போயிற்று. வெப்பமானி கெட்டுவிட்டது என்றான் ஒருவன். "இன்னைக்கு எடுத்ததை மட்டும் அழிச்சுட்டு, நாளைக்கு வேற சென்சார் போட்டுக்கலாம்" என்றான் இன்னொருவன். ஆய்வேட்டைப் பார்வையிட்ட ஒருவர் முன்னரே இதுபோன்ற ஓர் அட்டவணையைக் கண்டு, கருவியைச் சரிபார்க்காமல் வராதீர்கள் என்று திருப்பி அனுப்பியிருந்தாராம்.

தீ காய்ந்துகொண்டிருந்த தோட்டத்துப் பெரியவர் மட்டும் அசையவில்லை. "கீழ குளுரு, மேல கதகதப்பு. பனிக்காலத்துல அப்படித்தானுங்க இருக்கும். பள்ளத்துக் காட்டுல பனி கூட விழும், மேட்டுக் காட்டுல கம்மி. இதுக்கு இந்த மிசின் எதுக்குங்க?" என்றார்.

அந்த அட்டவணையை அழிப்பதா, வைத்துக்கொள்வதா? வீடு திரும்பிய பின்னும் இந்தக் கேள்வி என்னை விடவில்லை. அடுத்த சில வாரங்கள் எனக்குப் பழக்கமில்லாத துறையின் பழைய கதைகளைத் தேடிப் படித்தேன். நம் தலைக்கு மேலே இருக்கும் காற்றை அளந்தவர்களின் வரலாறு அது. அதில் பாதி நமக்குப் பக்கத்து ஊர்க்காரர்களுடையது என்று தெரிந்தபோது ஏற்பட்ட வியப்பே இக்கட்டுரையை எழுத வைக்கிறது.

*

தமிழில் காற்றுக்குத் திசைக்கொரு பெயர் உண்டு. கிழக்கிலிருந்து வருவது கொண்டல், தெற்கிலிருந்து வருவது தென்றல், வடக்கிலிருந்து வருவது வாடை, மேற்கிலிருந்து வருவது கோடை. கொங்கு நாட்டுக்காரனுக்கு இந்த நான்கில் கோடையே நெருக்கமானது. நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவே, ஏறத்தாழ முப்பது நாற்பது கிலோமீட்டர் அகலத்துக்கு மேற்குத் தொடர்ச்சி மலை விட்டுக்கொடுத்த இடைவெளிதான் பாலக்காட்டுக் கணவாய். தென்மேற்குப் பருவக்காற்று தன் மழையின் பெரும்பகுதியை மலையாளக் கரையில் கொட்டிவிட்டு, வேகத்தை மட்டும் கொண்டு இந்த வாயில் வழியாக நம் காடுகளுக்குள் நுழைகிறது. ஆடிக்காற்றில் அம்மி பறக்கிறதோ இல்லையோ, வாழை சாய்வதை ஆண்டுதோறும் பார்க்கிறோம்.

பெயர் வைத்தவர்கள் அளந்தார்களா? புறநானூற்றின் முப்பதாம் பாட்டு நினைவுக்கு வருகிறது. சோழன் நலங்கிள்ளியை உறையூர் முதுகண்ணன் சாத்தனார் பாடியது. ஞாயிற்றின் போக்கையும், காற்று இயங்கும் திசையையும், பற்றுக்கோடின்றி நிற்கும் வானத்தையும் நேரிலேயே போய் அளந்து வந்தவர்களைப் போல, இவை இவ்வளவு என்று கணக்குச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள் என்கிறார் புலவர். அத்தகையோராலும் உன் உள்ளத்தின் ஆழத்தை அறிய முடியாது என்று அரசனைப் பாராட்டுவதற்காகச் சொன்னது. என்றாலும் 'போல' என்ற அந்த ஒரு சொல்லில் புலவரின் புன்னகை தெரிகிறது. போகாமலே அளந்தவர்கள் அவர்கள். வானத்துக்குள் போவதற்கு அன்று வழி இருக்கவில்லை.

போவதற்கான முதல் வழி மலை. காற்றுக்குள் ஏற வேண்டுமானால் காற்றுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் நிலத்தின்மீது ஏற வேண்டியதுதான். சென்னை வான்நோக்கு நிலையத்தின் வானியலாளராக இருந்த தாமஸ் கிளான்வில் டெய்லரின் மேற்பார்வையில், 1847, 1848 ஆண்டுகளில் தொட்டபெட்டா உச்சியில், கடல்மட்டத்திலிருந்து 8,640 அடி உயரத்தில், ஒரு வானிலை பங்களா இயங்கியது. அங்கே எடுத்த பாரமானி, வெப்பமானி அளவுகள் தனி நூலாகவே அச்சாயின. அடுத்த பத்தாண்டில் திருவிதாங்கூர் வான்நோக்கு நிலையத்தின் ஜான் ஆலன் புரூன் பொதிகையின் அகத்தியர் மலை உச்சியில் இதேபோல ஒரு நிலையம் அமைத்தார். அகத்தியர் இருந்த இடம் என்று நாம் கதை சொல்லும் மலையில், மழைக்கும் அட்டைக்கும் நடுவே, பெயர் தெரியாத உதவியாளர்கள் மணிக்கணக்காகப் பாதரச மட்டத்தைக் குறித்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

ஆனால் மலைக்கு ஒரு குறை உண்டு. பகலில் பாறை சூடேறித் தன்னைத் தொடும் காற்றையும் சூடாக்குகிறது. இரவில் குளிர்ந்து அதையும் குளிர்விக்கிறது. தொட்டபெட்டாவில் அளந்தது தொட்டபெட்டாவின் காற்று. அதே உயரத்தில் கோயம்புத்தூருக்கு மேலே வெட்டவெளியில் நிற்கும் காற்று வேறு. அதை அளக்க நிலத்தை விட்டுக் கிளம்பியாக வேண்டும்.

*

கிளம்பிய முதல் கருவி பட்டம். ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் 1749-ல் அலெக்சாண்டர் வில்சன் என்பவர், தாமஸ் மெல்வில் என்ற மாணவரைச் சேர்த்துக்கொண்டு, ஒரே கயிற்றில் அடுத்தடுத்துப் பல காகிதப் பட்டங்களைக் கட்டி, அவற்றில் வெப்பமானிகளை ஏற்றி மேகம் வரைக்கும் அனுப்பினார். மெதுவாக எரியும் திரி ஒன்று கயிற்றை அறுத்துவிட, தாள்சுற்றிய வெப்பமானி கீழே விழும். ஓடிப்போய் எடுத்து அளவைப் படிப்பார்கள். மேல்காற்று ஆராய்ச்சியின் முதல் பக்கத்திலேயே ஒரு மாணவர் இருக்கிறார் என்பது எனக்குப் பிடித்திருந்தது.

இந்தியாவில் மனிதர்களுக்கு முன்னால் இந்த வேலையைப் பறவைகள் செய்துகொண்டிருந்தன. அதைக் கவனித்தவர் ஆக்ராவில் அரசு வேதியியலாளராக இருந்த ஈ. எச். ஹாங்கின். காலையில் எத்தனை மணிக்குப் பருந்து சிறகடிக்காமல் வட்டமிடத் தொடங்குகிறது, கனத்த கழுகு எப்போது தொடங்குகிறது என்று நாள்தவறாமல் குறித்துவைத்து, 1913-ல் விலங்குகளின் பறத்தல் பற்றி ஒரு நூல் எழுதினார். அதற்கு அவர் தந்த விளக்கம் பின்னாளில் நிலைக்கவில்லை. இன்று நமக்குத் தெரிந்த காரணம் எளிமையானது. வெயில் ஏற ஏறத் தரை சூடாகி, வெதுவெதுப்பான காற்று தூண்தூணாக மேலெழுகிறது. பறவை அதில் ஏறிக்கொள்கிறது. இலேசான பறவைக்கு மெலிந்த தூண் போதும். கனத்த பறவை வலுத்த தூணுக்காகக் காத்திருக்கும். மாயாற்றுப் பள்ளத்தாக்கில் எஞ்சியிருக்கும் பாறு கழுகுகள் காலையில் உடனே கிளம்பாமல் பாறையிலும் மரத்திலும் சும்மா உட்கார்ந்திருப்பதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். கீழ்க்காற்று விழித்தெழும் நேரத்தை அவற்றைவிடச் சரியாக அறிந்த கருவி அன்று இல்லை.

அதே ஆக்ராவில் 1914-ல் ஜே. எச். ஃபீல்டின் பொறுப்பில் மேல்காற்று ஆய்வு நிலையம் தொடங்கியது. ஹைட்ரஜன் நிரப்பிய பலூனில் சிறு பதிவுக்கருவியைக் கட்டி அனுப்புவார்கள். பலூன் உயரத்தில் வெடித்துக் கருவி எங்கோ ஒரு வயலில் விழும். கண்டெடுத்துக் கொடுப்பவர்க்குப் பரிசு என்று எழுதிய அட்டை உடன் போகும். இந்திய மேல்காற்று ஆய்வு முதலில் உழவர்களின் நேர்மையை நம்பியே நடந்திருக்கிறது.

*

இப்படிச் சேர்ந்த அளவுகளை எடுத்துவைத்து உட்கார்ந்தவர் கல்பாத்தி ராமகிருஷ்ண ராமநாதன். 1893-ல் பாலக்காட்டை அடுத்த கல்பாத்தியில் பிறந்தவர். கணவாயின் இந்த முனையில் நாம், அந்த முனையில் அவர் ஊர். பாலக்காட்டிலும் சென்னை மாநிலக் கல்லூரியிலும் படித்து, திருவனந்தபுரத்தில் ஆசிரியராக இருந்து, பின் கல்கத்தாவில் சி. வி. இராமனிடம் சேர்ந்தார். 1923-ல் அங்கே திரவங்களில் ஒளி சிதறுவதை ஆராய்ந்தபோது, எவ்வளவு தூய்மை செய்தாலும் போகாத ஒரு மெல்லிய மிச்ச ஒளியைக் கண்டார். ஏதோ மாசு என்றே அதைக் குறித்துவைத்தார். ஆனால் குறித்துவைத்தார். இராமனுக்கு அந்த விளக்கம் நிறைவளிக்கவில்லை. ஐந்தாண்டு கழித்து, 1928-ல், அந்த மிச்ச ஒளியின் வழியே போய்ச் சேர்ந்த இடத்துக்குத்தான் இராமன் விளைவு என்று பெயர்.

1925-ல் வானிலைத் துறைக்கு மாறிய ராமநாதன், 1929-ல் 'நேச்சர்' இதழில் ஒரு சிறு கட்டுரை எழுதினார். வெப்பமான நாடுகளின் மேல் இருக்கும் காற்றும் வெப்பமாகத்தான் இருக்கும் என்பது பொதுப்புத்தி. பலூன் அளவுகளைக் கொண்டு அவர் வரைந்த படம் வேறொன்றைச் சொன்னது. அன்று அளக்கப்பட்டிருந்த காற்றிலேயே மிகக் குளிர்ந்தது துருவத்தின் மேலே இல்லை. நிலநடுக்கோட்டின் மேலே, ஏறத்தாழ 17 கிலோமீட்டர் உயரத்தில், பூமிக்கு இட்ட வளையம்போல் கிடக்கிறது. வெப்பநிலை பூஜ்யத்துக்கு எண்பது பாகைக்கும் கீழே.

இதே இராமனின் மாணவர், இதே பாலக்காட்டுக்காரர், இன்னொருவர் உண்டு. எல். ஏ. ராம்தாஸ், 1900-ல் பிறந்தவர். அவருடைய கதையே எங்கள் மாணவர்களுக்கு வேண்டியதாக இருந்தது. ராமநாதன் பதினேழு கிலோமீட்டரைப் பார்த்தார் என்றால் ராம்தாஸ் முழங்காலளவைப் பார்த்தார். தெளிந்த, காற்றில்லாத இரவில் தரை தன் வெப்பத்தை வானத்துக்கு இழந்து குளிர்கிறது. அதைத் தொடும் காற்றும் குளிர்கிறது. ஆகவே மிகக் குளிர்ந்த இடம் தரைதான்; அங்கிருந்து மேலே போகப் போக வெப்பம் கூட வேண்டும். இதுவே உலகம் ஒப்புக்கொண்ட பாடம். ராம்தாசும் ஆத்மநாதனும் ஒரு கோலில் வெவ்வேறு உயரங்களில் வெப்பமானிகளை வைத்து இரவுகளில் அளந்தார்கள். மிகக் குளிர்ந்த இடம் தரையில் இருக்கவில்லை. தரையிலிருந்து சில பத்துச் சென்டிமீட்டர் உயரத்தில் இருந்தது. அங்கே காற்று தரையைவிடச் சில பாகைகள் குளிர்ந்திருந்தது. 1932-ல் ஒரு ஜெர்மானிய இதழில் இதை வெளியிட்டார்கள்.

யாரும் நம்பவில்லை என்று சொன்னால் பெரிய மிகையில்லை. குளிர்ந்த காற்று கனமானது. கனமானது மேலேயும் இலேசானது கீழேயும் நிலையாக நிற்க முடியாது. எனவே வெப்பமானி பிழை, அல்லது எங்கிருந்தோ குளிர்காற்று வழிந்து வந்திருக்கிறது என்று ஒதுக்கினார்கள். ராம்தாஸ் தன் அளவுகளைத் திரும்பப் பெறவில்லை. 1932-ல் புணேயில் தொடங்கிய வேளாண் வானிலைப் பிரிவின் தலைவராக, பயிருக்குள்ளும் பயிருக்கு மேலும் இருக்கும் காற்றை விடாமல் அளந்துகொண்டிருந்தார். ஏறத்தாழ கால் நூற்றாண்டு கழித்து, 1956, 1957 ஆண்டுகளில், வெளிநாட்டு ஆய்வாளர்கள் தனித்தனியே அளந்து அவர் சொன்னது உண்மை என்றார்கள்; அவர்களில் ஒருவரான ராஷ்கே அளந்தது புணேயிலேயேதான். ஏன் அப்படி இருக்கிறது என்பதற்குக் கோட்பாடு வர இன்னும் காலமாயிற்று. 1993-ல் பெங்களூரில் வாசுதேவ மூர்த்தி, சீனிவாசன், ரொத்தம் நரசிம்மா ஆகியோர் கதிர்வீச்சைக் கொண்டு ஒரு விளக்கம் தந்தார்கள். தரையை ஒட்டிய தூசிப்படலத்தின் பங்கை முன்வைக்கும் விளக்கம் அதன் பின்னர் வந்தது. முழங்காலுக்குக் கீழே இருக்கும் காற்றைப் பற்றி அறிவியல் இன்னும் பேசி முடிக்கவில்லை. உலகம் அதை ராம்தாஸ் அடுக்கு என்று அழைக்கிறது. கணவாய்க்கு இந்தப் பக்கம் வாழும் நம்மில் எத்தனை பேருக்கு அந்தப் பெயர் தெரியும்?

*

பிடிக்காத அளவை அழிக்காதே என்பதை ராம்தாசிடம் கற்கலாம். அதற்கு எதிர்ப்பக்கப் பாடமும் ஒன்று இருக்கிறது. அதை வைத்திருப்பவர் அன்னா மாணி.

1918-ல் பீர்மேட்டில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து, பெங்களூரில் இராமனிடம் வைரத்தின் நிறமாலையை ஆராய்ந்தவர். அவர் அளித்த ஆய்வேடு, முதுகலைப் பட்டம் இல்லை என்ற காரணத்தால் முனைவர் பட்டம் பெறாமலே போயிற்று. 1945-ல் இலண்டனுக்குப் போனவர், அங்கே வானிலைக் கருவிகளைப் படித்துக்கொண்டு 1948-ல் திரும்பி, புணேயில் எஸ். பி. வெங்கடேஸ்வரன் தலைமையிலான கருவிப் பிரிவில் சேர்ந்தார். மழைமானி வரைக்கும் இறக்குமதி செய்துகொண்டிருந்த நாட்டில், ஏறத்தாழ நூறு வகைக் கருவிகளுக்கு வரைபடமும் தரமும் வகுத்து இங்கேயே செய்ய வைத்ததில் அவர் பங்கு பெரிது. தவறான அளவைவிட அளவே இல்லாமல் இருப்பது மேல் என்பது அவர் உறுதியாகக் கொண்டிருந்த கருத்து.

1976-ல் பணி ஓய்வு பெற்ற பின் அவர் எடுத்துக்கொண்ட வேலை கொங்கு நாட்டோடு தொடர்புடையது. காற்றிலிருந்து மின்சாரம் எடுக்கலாம் என்று பேச்சு எழுந்தபோது, எங்கே எவ்வளவு காற்று அடிக்கிறது என்பதற்கு நம்பத்தக்க கணக்கு வேண்டியிருந்தது. 1983-ல் மூலேயுடன் சேர்ந்து இந்தியாவின் காற்றாற்றல் தரவுகளைத் தொகுத்து வெளியிட்டார். பின்னர் நாடு முழுவதும் நூற்றுக்கணக்கான இடங்களில் காற்றை அளந்து பல தொகுதிகளாக வெளிவந்த கணக்கெடுப்புக்கு வழிகாட்டியாக இருந்தார். பல்லடம், கேத்தனூர், பூளவாடி, உடுமலை என்று கணவாய்க் காற்றின் பாதையில் இன்று நிற்கும் காற்றாலைகளுக்கு முன்னால், கம்பத்தில் காற்றுமானியைக் கட்டி ஆண்டு முழுவதும் எண்களைச் சேர்த்தவர்களின் பொறுமை இருக்கிறது. அன்னா மாணி 2001-ல் மறைந்தார்.

மூவரும் இராமனின் மாணவர்கள். மூவரும் பொருட்படுத்தத்தக்க எதையும் கண்டுபிடிக்கும் முன் பொறுமையாக அளக்கக் கற்றவர்கள். ஒருவர் பதினேழு கிலோமீட்டரையும், ஒருவர் முழங்காலளவையும், ஒருவர் கம்பத்தின் உயரத்தையும் பார்த்தார்கள். நடுவே ஓர் இடைவெளி இருப்பது தெரிகிறதல்லவா?

கம்பத்துக்கு மேலே, ஒரு கிலோமீட்டருக்குக் கீழே இருக்கும் காற்றுதான் அந்த இடைவெளி. நம் புகையும் தூசியும் தங்குவது அங்கே. மாலை இடிமழைக்கான ஈரம் திரள்வது அங்கே. காற்றாலையின் இறக்கை சுழல்வது அங்கே. ஆனால் அன்றாடம் அளக்கப்படுவது குறைவு. வானிலைத் துறையின் பலூன்கள் வழக்கமாகக் காலை ஐந்தரை, மாலை ஐந்தரை என்று இருவேளை கிளம்புகின்றன. நம்மைச் சுற்றி அவை கிளம்பும் இடங்கள் சென்னை, காரைக்கால், கொச்சி, திருவனந்தபுரம், பெங்களூரு. நிமிடத்துக்கு முந்நூறு மீட்டர் வேகத்தில் ஏறும் பலூன், முதல் கிலோமீட்டரை மூன்றரை நிமிடத்துக்குள் கடந்துவிடுகிறது. மேலே போகும் அவசரத்தில் வாசலைப் பார்ப்பதில்லை.

*

ட்ரோன் இந்த வாசலுக்கு ஏற்ற கருவி. அது ஏறும், நிற்கும், இறங்கும், அரைமணி கழித்து மீண்டும் ஏறும். இதன் மதிப்பை உலகுக்குக் காட்டியவர்களில் ஒருவரும் நம்மவர்தான். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்த வீரபத்ரன் ராமநாதன், கல்பாத்தி ராமநாதனிலிருந்து வேறானவர், கலிபோர்னியாவில் பணியாற்றியவர். தெற்காசியாவின் மேல் படியும் பழுப்பு மேகம், அதாவது அடுப்பு, வாகனம், தொழிற்சாலை ஆகியவற்றின் புகைப்படலம், காற்றைச் சூடாக்குகிறதா குளிர்விக்கிறதா என்பது அவர் கேள்வி. 2006 மார்ச்சில் மாலத்தீவின் ஹனிமாது தீவிலிருந்து மூன்று ஆளில்லா விமானங்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் பறக்கவிட்டார். ஒன்று படலத்துக்குக் கீழே, ஒன்று உள்ளே, ஒன்று மேலே. மூன்றும் ஒரே நேரத்தில் அளந்ததால், நடுவே எவ்வளவு வெயில் உறிஞ்சப்படுகிறது என்று கழித்துப் பார்க்க முடிந்தது. கீழ்க்காற்று வெயிலால் சூடாவதைப் பழுப்பு மேகம் ஏறத்தாழ ஐம்பது விழுக்காடு கூட்டுகிறது என்ற முடிவு 2007-ல் 'நேச்சர்' இதழில் வந்தது.

அன்று பெரிய நிறுவனங்களுக்கே கைகூடியது, பின்னர் மாணவர் கைக்கு வந்தது. நார்வேயின் பெர்கன், அமெரிக்காவின் ஓக்லஹோமா போன்ற பல்கலைக்கழகங்கள் இதற்கென்றே சிறு விமானங்களை உருவாக்கின. 2018 ஜூலையில் கொலராடோவின் சான் லூயிஸ் பள்ளத்தாக்கில், பல பல்கலைக்கழக ஆய்வாளர்களும் மாணவர்களும் கூடி, ஒரு வாரத்துக்குள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட முறை பறக்கவிட்டு மலையடிக் காற்றை அளந்தார்கள். இந்திய வானிலைத் துறையும் பலூனுக்குத் துணையாகவோ மாற்றாகவோ ட்ரோன் பயன்படுமா என்று 2022-ல் முயற்சி தொடங்கியது. உலக வானிலை அமைப்பு 2024 மார்ச்சிலிருந்து செப்டம்பர் வரை பல நாடுகளைச் சேர்த்து ஒரு சோதனை இயக்கமே நடத்தியது.

நம் மாணவர்களுக்குக் கைத்திறன் குறைவில்லை. அண்ணா பல்கலைக்கழகத்தின் குரோம்பேட்டை வளாகத்தைச் சேர்ந்த தக்‌ஷா குழு, 2018-ல் ஆஸ்திரேலியாவில் நடந்த மருத்துவ ட்ரோன் போட்டியில் இரண்டாமிடம் பெற்றதும், நடிகர் அஜித்குமார் அதற்கு ஆலோசகராக இருந்ததும் பலருக்கு நினைவிருக்கும். விதிகளும் முற்றிலும் தடையில்லை. 2021-ன் ட்ரோன் விதிகள், அங்கீகாரம் பெற்ற கல்வி நிறுவனங்கள் பச்சை மண்டலத்தில் தங்கள் பொறுப்பிலுள்ள இடத்தில் ஆய்வுக்காகப் பறக்கவிடுவதற்கு உரிமம் போன்ற பலவற்றிலிருந்து விலக்குத் தருகின்றன. பச்சை மண்டலத்தில் 120 மீட்டர் வரை போகலாம். ஆனால் விமான நிலையத்தைச் சுற்றிக் கட்டுப்பாடு உண்டு. பீளமேட்டில் விமான நிலையம், சூலூரில் விமானப்படைத் தளம். நம் கல்லூரிகள் பலவும் இவற்றைச் சுற்றியே அமைந்திருக்கின்றன. வகுப்பறைக்கு மேலே உள்ள காற்றை அளக்க வழியில்லாமல்தான் எங்கள் மாணவர்கள் குடிமங்கலம் போனார்கள். அப்படிப் போனதால்தான் அந்தப் பெரியவரைச் சந்தித்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும்.

*

படித்ததை அவர்களிடம் சொன்னேன். ராம்தாசின் கதையைக் கேட்டதும் "அப்ப நாம கண்டுபுடிச்சதும் அதுதானுங்களா?" என்று ஒருவன் துள்ளினான். இல்லை. ராம்தாஸ் அடுக்கு முழங்காலளவில் இருப்பது; துளி அசைவுக்கும் கலைந்துவிடும். ட்ரோனின் விசிறி கீழே தள்ளும் காற்றே அதை அழித்துவிடும். அதற்கு இன்றும் கோல்தான் வேண்டும். இவர்கள் கண்டது அதற்கு மேலே நிகழ்வது, அறிவியலுக்கு நெடுநாளாகத் தெரிந்தது. தெளிந்த பனிக்கால இரவில் தரையருகே குளிர்காற்று தேங்கி, அதன்மேல் வெதுவெதுப்பான காற்று மூடிபோல் நிற்கும். புகை ஏறாமல் படுத்ததும், கோயில் பாட்டு அவ்வளவு தூரம் கேட்டதும் அந்த மூடியால்தான். வெயில் ஏறியதும் அது உடையும். பாறு கழுகுகள் காத்திருப்பது அதற்காகத்தான்.

புதிதாக ஒன்றும் இல்லையா என்று முகம் சுருங்கியது. புதிது இல்லாமல் இருக்கலாம். ஆனால் பாடநூலின் ஒரு வரியை நம்பித் தங்கள் கையால் எடுத்த உண்மையை அழிக்கப் பார்த்தார்கள். அழித்திருந்தால் ராம்தாசுக்குத் துரோகம். சரிபாராமல் அப்படியே எழுதியிருந்தால் அன்னா மாணிக்குத் துரோகம். இரண்டுக்கும் நடுவே இருப்பது உழைப்பு. அதைச் செய்தார்கள். புதிய வெப்பமானி ஒன்றையும் பழையதையும் ஒரே வாளித் தண்ணீரில் நெடுநேரம் வைத்து ஒப்பிட்டார்கள். மோட்டாரின் சூடு படாத இடத்துக்குக் கருவியை மாற்றி, வெள்ளைக் காகித உறை போட்டார்கள். ஏறும்போதும் இறங்கும்போதும் அளந்தார்கள். மூங்கிலில் ஒரு வெப்பமானியைக் கட்டி வரப்பில் நட்டார்கள். மேலும் மூன்று விடியல்கள் குளிரில் நின்றார்கள். மூன்றிலும் எண் ஏறியது. நான்காம் நாள் மேகமூட்டம், அன்று ஏறவில்லை. அதையும் எழுதிவைத்தார்கள்.

திருத்திக் கொடுக்க வேண்டிய தமிழில் ஒரு சொல் மட்டும் இழுபறியாக நின்றது. பாடநூல்களில் இந்நிகழ்வுக்கு 'வெப்பநிலைத் தலைகீழாக்கம்' என்று பெயர். "தலைகீழ்னு ஏனுங்க ஐயா சொல்லணும்? பனிக்காலத்துல தினமும் இதுதான நேரு" என்றாள் அந்த மாணவி. தேர்வர்களுக்குப் புரிய வேண்டும் என்பதால் அச்சொல்லையே வைத்துக்கொண்டோம். ஆனால் அதை அடுத்து, தோட்டத்துப் பெரியவர் சொன்னதை அவர் பேச்சிலேயே ஒரு வரியாகச் சேர்க்கச் சொன்னேன். தயங்கினார்கள், சேர்த்தார்கள்.

ஆய்வேட்டைக் காட்டத் தோட்டத்துக்குப் போனபோது பெரியவர் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு அட்டவணையை நெடுநேரம் பார்த்தார். "நான் சொன்னதத்தான் எழுதியிருக்கறீங்க" என்றார். பிறகு, "எத்தனை அடி போனா அந்தக் கதகதப்பு தீருமுங்க?" என்று கேட்டார். மாணவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். 120 மீட்டருக்கு மேலே அவர்கள் போனதில்லை.